அக்குபங்சர் ஊசி வலிக்குமா? எந்த வலி சரி, எந்த வலி தவறு

கேட்கப்பட்டது இதுதான்: அம்மாவுக்கு வயது 58. மன்னார்குடிப் பக்கம் கிராமம். சின்ன வயதிலிருந்தே நடவு, களை, அறுப்பு. இப்போது இரண்டு முழங்காலும் தேய்மானம், கூடவே சர்க்கரை. அக்குபங்சர் பார்க்கலாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்ல, அம்மா மட்டும் ‘ஒரு ஊசிக்கே எனக்கு உசுரு போயிடும், இவங்க பத்து ஊசி குத்துவாங்களாமே’ என்று பிடிவாதமாக இருக்கிறார். உண்மையில் வலிக்குமா? குத்தினால் எப்படித்தான் இருக்கும்?

தோலைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் ‘சுருக்’ என்று இருக்கலாம். பல இடங்களில் அதுவும் தெரியாது. அதற்குப் பிறகு உள்ளே ஒரு கனம், இழுப்பு, மதமதப்பு வரும். இரண்டும் வேறு வேறு. முதலாவது தோலின் வலி. அதனால் எந்தப் பயனும் இல்லை, குத்துகிறவரின் கை பழகப் பழகக் குறையும். இரண்டாவது தசைக்குள் எழும் உணர்வு. சீன முறைப்படி பார்க்கும் சிகிச்சையாளர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டால் மீதியும் போகும். ஆகவே அதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஊசி. அம்மா மனதில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடுப்பில் போடும் ஊசி. அதில் மருந்து இறங்க வேண்டும் என்பதால் உள்ளே துளை உண்டு. நுனி சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால் தோலை வெட்டிக்கொண்டு போகும். தடிமன் 0.6, 0.7 மி.மீ. அளவில் இருக்கும். போதாததற்கு 2 மி.லி. மருந்து தசைக்குள் போய் இடத்தை அடைக்கிறது. ஊசி போட்ட இடம் சாயங்காலம் வரை கடுகடுப்பதற்கு மருந்தும் ஒரு காரணம். அக்குபங்சர் ஊசி முழுக் கம்பி. துளையும் இல்லை, மருந்தும் இல்லை. பொதுவாகப் புழங்குவது 0.25 மி.மீ. தடிமன், 25 அல்லது 40 மி.மீ. நீளம். முகத்துக்கும் விரலுக்கும் 0.16 முதல் 0.20 மி.மீ. தடிமனில் 13 மி.மீ. நீளமுள்ள குட்டை ஊசி. நுனி கூம்பாக, மிக லேசாக மழுங்கலாக இருக்கும். சதையை வெட்டாது, விலக்கிக்கொண்டு இறங்கும். அக்கம்பக்கத்தில் யாராவது பேனாவில் இன்சுலின் போட்டுக்கொண்டால் அந்த ஊசியை அம்மாவுக்குக் காட்டுங்கள். தடிமன் கிட்டத்தட்ட அதேதான்.

ஓர் ஊசி எப்படி இறங்குகிறது என்று, முழங்கால் வலிக்கு அடிக்கடி எடுக்கும் எஸ்டி 36 புள்ளியை வைத்துப் பார்க்கலாம். (அக்குபங்சர் புள்ளிகளை இப்படி எழுத்தும் எண்ணும் சேர்த்துத்தான் குறிப்பார்கள்.) முட்டியை லேசாக மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அங்கிருந்து நான்கு விரல் அகலம் கீழே, காலின் முன் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே. (விரல் நோயாளியின் விரல், சிகிச்சையாளரின் விரல் அல்ல. நான்கு விரல் சேர்ந்தால் 3 சுன் கணக்கு, சுன் என்பது சீன மருத்துவத்தின் அளவு.) அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேடுவார், சரியான இடத்தில் அழுத்தினால் கொஞ்சம் நோகும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அரை நிமிஷம் காயவிடுவார். ஊசி, தன்னைவிடச் சில மில்லிமீட்டர் குட்டையான பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். குழாயைத் தோலில் அழுத்தி நிறுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான், நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. குத்தலை உணரும் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருக்கும் மேல்தோலை அந்த ஒரே தட்டில் தாண்டியாயிற்று. குழாயின் அழுத்தம் வேறு அங்கே கவனத்தைப் பிடித்து வைத்திருப்பதால், ‘குத்திட்டீங்களா?’ என்று கேட்பவர்கள் நிறைய. பிறகு குழாயை உருவிவிட்டு, பிடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இப்படியும் அப்படியுமாகச் சிறிது சுழற்றியபடி இறக்குவார். இந்தப் புள்ளியில் ஓர் அங்குலம் வரை போகலாம். கேட்க பயமாக இருக்கும். ஆனால் தோலில் இருக்கும் கூர்மையான குத்தல் உணர்வு தசையில் இல்லை.

ஏதோ ஓர் ஆழத்தில் நோயாளி ‘ம்ம்’ என்பார். கனமாக, உள்ளே எதையோ அழுத்தி வைத்தது போன்ற உணர்வு. சிலருக்குக் கடுப்பு, சிலருக்கு மதமதப்பு, சிலருக்கு அந்த இடமே விம்முவது போலத் தோன்றும். எஸ்டி 36 என்றால் அது காலின் முன்பக்கமாக இறங்கி மேல்பாதம் வரை ஓடுவதும் உண்டு. சீன மருத்துவத்தில் இதற்குத் தே ச்சி என்று பெயர். அதே நொடியில் சிகிச்சையாளரின் விரலுக்கும் ஒன்று தெரியும்: அதுவரை வழுக்கிக்கொண்டு போன ஊசியை யாரோ கீழிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி, தூண்டிலில் கெண்டை கவ்வுகிற மாதிரி ஓர் இழுப்பு. தூண்டில் உவமை சீனர்களே பழங்காலத்திலிருந்து சொல்வது. வாய்க்கால்கரை ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஊசியைச் சுழற்றும்போது தோலுக்கடியில் இருக்கும் இணைப்புத் திசுவின் நார்கள் கம்பியைச் சுற்றிக்கொள்வதால்தான் இந்தப் பிடிப்பு வருகிறது என்பதை அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் ஆய்ந்து காட்டினார்கள். இந்தக் கனம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தணிந்து பின்னணிக்குப் போய்விடும். ஜப்பானிய முறைகள் பலவற்றில் ஊசியை மேலாக மட்டும் வைப்பார்கள்; இந்த உணர்வைத் தேடுவதே இல்லை. ஆக, தே ச்சி வரவில்லை என்றால் சிகிச்சை வீண் என்று யாராவது சொன்னால் அது ஒரு மரபின் கருத்து மட்டுமே.

உடம்பு முழுவதும் ஒரே மாதிரி வலிக்காது. முதுகு, தொடை, கெண்டைக்கால், வயிறு எல்லாம் சுலபம். உச்சந்தலையில் குத்தல் குறைவு, ‘டக்’ என்று ஒரு தட்டு உணர்வு மட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள எல்ஐ 4 புள்ளியில் குத்தல் குறைவாக இருந்தாலும் உள்ளே எழும் கடுப்பு பலமானது, சிலருக்குக் கையே கனத்துப் போகும். நன்றாக வலிக்கும் இடங்கள் என்றால் விரல் நுனி, நகக்கண் ஓரம், உள்ளங்கை, மூக்குக்குக் கீழே மேலுதட்டுப் பள்ளம், உள்ளங்கால். வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்த கால் என்றால் உள்ளங்கால் தோல் தடித்திருக்கும். ஊசி சுலபமாக இறங்காது, அழுத்த வேண்டியிருக்கும், அதனால் இன்னும் வலிக்கும். ஊசிக்குப் பயந்த ஒருவருக்கு முதல் நாளே உள்ளங்காலில் கை வைப்பது சரியில்லை. முழங்காலுக்கு அந்தப் புள்ளி அவசியமும் இல்லை. எஸ்டி 36, சில்லின் இருபக்கக் குழிகள், உள்பக்கம் எஸ்பி 9, எஸ்பி 10, வெளிப்பக்கம் ஜிபி 34 என்று எட்டுப் பத்துக்குள் முடிந்துவிடும். ‘முதல் நாள் நாலு ஊசி போதும்’ என்று நீங்களே கேட்கலாம். நல்ல சிகிச்சையாளர் மறுக்க மாட்டார்.

செருகி முடித்த பின் 20 நிமிஷம் போல அப்படியே விடுவார்கள். ஆடாமல் படுத்திருந்தால் எதுவும் தெரியாது, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆடினால் தெரியும். ஊசி நுனி தசைக்குள் இருக்கிறது. தசை சுருங்கினால் இழுக்கும். டெல்டாவில் இந்த 20 நிமிஷத்துக்கு உண்மையான எதிரி கொசு. காலில் கொசு உட்கார்ந்ததும் கை தானாகப் போகும், ஊசியில் இடிக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வையுங்கள், அல்லது கொசுவத்தி கேளுங்கள். செல்போனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுப்பது நல்லது. எடுக்கும்போது வலி அநேகமாகக் கிடையாது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உருவுவார்கள்.

இனி தவறான வலி. ஊசி இறங்கியதும் ‘எரியுது’ என்றால் ஸ்பிரிட் காயவில்லை, ஈரத்தோடு உள்ளே போயிருக்கிறது. ஓரிரு நிமிஷத்தில் அடங்கும். அடுத்த ஊசிக்கு அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ‘சுருக்’ நிற்காமல் பத்து விநாடிக்கு மேல் கூர்மையாகவே நீடித்தால் நுனி மயிர்க்காலிலோ சிறு ரத்தக்குழாயிலோ நிற்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு 20 நிமிஷம் படுத்திருக்க வேண்டியதில்லை. எடுத்து, ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் வலி காணாமல் போகும். ‘சுளீர்’ என்று கரண்டு அடித்த மாதிரி விரல் வரையோ பாதம் வரையோ பாய்ந்தால் நுனி நரம்பைத் தொட்டிருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் பிசி 6-இல் இது நடுவிரலுக்குப் பாயும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஜிபி 34-இல் பாதத்துக்குப் பாயும், ஏனென்றால் காலைத் தூக்க வைக்கும் நரம்பு அங்கே தட்டுப்படும் எலும்பு முண்டின் கழுத்தைச் சுற்றித்தான் போகிறது. உடனே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒருமுறை பாய்ந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. அதற்கு மேலும் உள்ளே தள்ளுகிறார், அல்லது ‘நல்லா வேலை செய்யுது’ என்று சுழற்றுகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சில சமயம் எல்லா ஊசியுமே வலிக்கும். அப்போது காரணம் பெரும்பாலும் கையிலோ ஊசியிலோ இருக்கும். தோலைத் தாண்டும் வேகம் குறைவு, அல்லது மலிவான ஊசியில் நுனி வளைந்து கொக்கி விழுந்திருக்கிறது, அல்லது, கேட்கவே கூடாதது, ஏற்கெனவே பயன்படுத்திய ஊசி. நோயாளி விறைத்துக்கொண்டு படுத்திருந்தாலும் வலிக்கும்: இறுகிய தசைக்குள் போக வேண்டியிருக்கிறது. ஊசி போடும் நொடியில் மூச்சை மெல்ல வெளியே விடச் சொன்னால் அல்லது லேசாக இருமச் சொன்னால் பலருக்குச் சரியாகிவிடுகிறது.

எடுக்க வரும்போது ஊசி மாட்டிக்கொள்வதும் நடக்கும். நோயாளி அசைந்ததால் தசை இறுகியிருக்கலாம், அல்லது ஒரே பக்கமாகச் சுழற்றியதில் நார்கள் இறுகச் சுற்றியிருக்கலாம். பிடித்து இழுக்கக் கூடாது. சில நிமிஷம் விட்டு, சுற்றுப்புறத்தை விரலால் தட்டி, எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பினால் விடும். அசைவினால் ஊசி வளைந்திருந்தால், காலை முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே, வளைவின் போக்கில் எடுக்க வேண்டும். கம்பியும் பிடியும் சேரும் இடம்தான் ஊசியில் பலவீனமான இடம். அதனால் பிடி தோலைத் தொடும் வரை யாரும் செருகக் கூடாது. உங்களுக்கே கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்த விஷயம் இது.

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு நினைப்பு உண்டு: வலிச்சாத்தான் கேக்கும். மாத்திரை கசந்தால் நல்லது, ஊசி வலித்தால் வேகம், எண்ணெய் போட்டு நீவினால் உயிர் போக வேண்டும். வயலில் அத்தனை வருஷம் வலியோடு வேலை செய்த பெண்கள் வாயைத் திறந்து ‘வலிக்குது’ என்று சொல்வதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், கேட்டால் ‘பரவால்ல தம்பி’ என்பார்கள். அக்குபங்சருக்கு இந்தப் பொறுமை ஆகாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திருத்த வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் தெரிந்துகொள்வதே நோயாளி சொல்லும் சொல்லை வைத்துத்தான். சுருக்கா, சுளீரா, கடுப்பா, கனமா என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஊசி நுனி எங்கே நிற்கிறது என்று புரிந்துவிடும். அம்மாவோடு கூட யாராவது ஒருவர் உள்ளே உட்காருங்கள். முகம் சுளித்தால் நீங்கள் கேளுங்கள்.

வலியைவிட அதிகம் கவனிக்க வேண்டியது மயக்கம். முதல் தடவை, பயம், வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் மயக்கம் வர நல்ல வாய்ப்பு. செவ்வாய், வெள்ளி, பிரதோஷம் என்று விரதம் இருக்கிற நாளில் போகக் கூடாது. இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போவது சரி. மதியம் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டு உடனே போவதும் வேண்டாம். வெயிலில் பஸ் ஏறி வந்தால் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு படுக்கட்டும். முதல் தடவை நாற்காலியில் உட்கார வைத்துப் போடவே கூடாது. அறிகுறிகள் இவை: கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, உதடு வெளுப்பு, குமட்டல், ‘கண்ணைக் கட்டுது’. உடனே எல்லா ஊசியையும் எடுத்து, தட்டையாகப் படுக்க வைத்து, காலை உயர்த்த வேண்டும். தெளிந்ததும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். அம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் இங்கே ஒரு குழப்பம் வரும்: மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் வந்திருந்தால் அது ஊசி மயக்கமாக இல்லாமல் சர்க்கரை இறங்கிய மயக்கமாக இருக்கலாம். வேர்வையும் நடுக்கமும் இரண்டிலும் உண்டு. குளுக்கோமீட்டர் இருந்தால் அங்கேயே பார்த்துவிடலாம். இல்லையென்றால் விழுங்க முடிகிற நிலையில் இருக்கும்போதே இனிப்புக் கொடுத்துவிடுங்கள். காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை அது.

சர்க்கரைக்காரர் கால் என்றால் இன்னொன்று. பாதம் மரத்துப் போயிருந்தால் ஊசி வலிக்காது. நல்ல செய்தி மாதிரித் தோன்றும், உண்மையில் எச்சரிக்கை. வலி தெரியாத இடத்தில் சூடும் தெரியாது. சிகிச்சையறையில் சிவப்பாகக் காயும் வெப்ப விளக்கை முழங்காலுக்குக் காட்டுவார்கள். அதைப் பாதத்துக்கு அருகே கொண்டுவந்தால் தோல் பொசுங்கிய பிறகுதான் தெரியும். ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில், அதுவும் முட்டிக்கு மட்டும், நடுநடுவே கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு. மோக்ஸா என்கிற மூலிகைச் சூட்டுக்கும் இதே விதி. ஆறாத புண், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும் காலில் அந்த இடத்துக்குக் கிட்டே ஊசி வேண்டாம்.

கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தில் வயதானவர்களிடம் இன்னும் பார்க்கிற யானைக்கால் வீக்கம் இருந்தால் அந்தக் காலில் ஊசியே கூடாது. நிணநீர் தேங்கிய காலில் ஒரு சின்னத் துளை கூட நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வருவதற்கு வாசலாகிவிடும். சுருண்டு புடைத்த வெரிகோஸ் ரத்தக்குழாய் மேலும் குத்தக் கூடாது. நாள் முழுக்க நின்று சமைக்கிறவர்கள், நடவு ஆட்கள் பலருக்கு அது இருக்கும். புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக் காட்டச் சங்கடப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், வால்வு மாற்றி அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் (எல்லாமே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்) மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஊசியே கூடாது என்றில்லை. ஆழம் குறைத்து, எடுத்த பிறகு இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எல்ஐ 4, எஸ்பி 6 புள்ளிகளை மரபாகவே தொடுவதில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் மின்தூண்டல் கிடையாது.

மின்தூண்டல் என்பது இரண்டு ஊசிப் பிடிகளில் கிளிப் மாட்டி பேட்டரியிலிருந்து சிறு மின்துடிப்பு கொடுப்பது. 2 ஹெர்ட்ஸில் வைத்தால் தசை ‘டொக் டொக்’ என்று துடிக்கும். 100 ஹெர்ட்ஸில் ஒரே ரீங்காரம். குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும், ‘இதமா இருக்கு, போதும்’ என்று நோயாளி சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும். கப்பிங், அதாவது தோலில் கிண்ணத்தைக் கவிழ்த்து உறிஞ்ச வைப்பது, செய்தால் கருஞ்சிவப்பு வட்டங்கள் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்; கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேண்டாம். பிசியோதெரபிஸ்டுகள் செய்யும் ட்ரை நீடிலிங் இதே ஊசிதான், ஆனால் இறுகிய தசை முடிச்சைத் தேடிக் குத்தித் துடிக்க வைப்பது. நிச்சயமாக அதிகம் வலிக்கும், மறுநாள் வரை நோவு இருக்கும். அதைச் செய்துகொண்டவர் சொல்வதைக் கேட்டு அக்குபங்சருக்குப் பயப்பட வேண்டாம். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு அனுப்புகிற முறையும் பரவலாக இருக்கிறது. அதிலும் ‘அக்குபங்சர்’ என்றுதான் பலகை இருக்கும். அங்கே வலி என்ற பேச்சே இல்லை, ஆனால் மேலே சொன்ன ஊசியின் வேலையும் அங்கே நடப்பதில்லை. போகும் முன்பே எந்த முறை என்று போனில் கேட்டுவிடுங்கள்.

ஆபத்து எவ்வளவு? ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு. அதில் பெரும்பங்கு ரத்தக்கசிவு அல்லது ரத்தம் கட்டுதல், 6.1 சதவீதம். வலி என்று சொன்னவர்கள் 1.7 சதவீதம்தான். நுரையீரல் உறையில் காற்று புகுந்தவர்கள் இரண்டு பேர். இந்தக் கடைசி எண் சின்னது, விஷயம் பெரியது. தோள்பட்டை மேடு, மேல்முதுகு, நெஞ்சு இந்த மூன்று இடத்திலும் விலா எலும்புக்கு அடியில் நுரையீரல் இருக்கிறது. அங்கே நேராக, ஆழமாகக் குத்தக் கூடாது. சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், மூச்சு வாங்குதல், வறட்டு இருமல் வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ‘முதுகில் அக்குபங்சர் ஊசி போட்டோம்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் உடனே எக்ஸ்ரே எடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு முழங்கால்தான் என்பதால் இந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. ரத்தம் கட்டினால் முதல் நாள் குளிர்ச்சி, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம், தேய்க்க வேண்டாம்.

யாரிடம் போவது என்பதில் வலியைவிட அதிகம் அடங்கியிருக்கிறது. மத்திய அரசு அக்குபங்சரை 2003-இல் ஒரு சிகிச்சை வழியாக ஏற்று, 2019-இல் தனி முறையாகவே அங்கீகரித்தது. ஆனால் சில மாதப் படிப்பில் சான்றிதழ் வாங்கியவரும் பலகை மாட்டியிருக்கிறார். ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம், யோகா படிக்கும் பி.என்.ஒய்.எஸ். மருத்துவர்களுக்குப் பாடத்திலேயே இது உண்டு; அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். யாராக இருந்தாலும் ஊசிப் பொட்டலம் உங்கள் கண்முன் கிழிக்கப்பட வேண்டும், காலாவதித் தேதி அதில் இருக்க வேண்டும், எடுத்த ஊசி மூடிய டப்பாவில் விழ வேண்டும். ‘உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், அடுத்த முறையும் இதே ஊசி’ என்பதை ஏற்காதீர்கள். ஓர் ஊசியின் விலை சில ரூபாய். ஹெபடைடிஸ் பி அந்தச் சில ரூபாயில் வரும். செருகும்போது எண்ணுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். தலைமுடிக்குள் ஓர் ஊசி விட்டுப்போவது கேலிக்கதை இல்லை.

பலன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வலியைத் தாங்கிக்கொள்வதா என்ற முடிவு அதைப் பொறுத்தது. தேய்ந்த குருத்தெலும்பை ஊசி வளர்க்காது. வலி கொஞ்சம் குறைந்து நடை லேசாகலாம். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு 2019-இல் முழங்கால் தேய்மானத்துக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைத்தது; பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-இல் வேண்டாம் என்றது. 2007-இல் ஜெர்மனியில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரிடம் செய்த சோதனையில் முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதமும், புள்ளி அல்லாத இடத்தில் மேலாகக் குத்திய போலி அக்குபங்சரில் 44.2 சதவீதமும், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதமும் பேர் தேறினார்கள். புள்ளி துல்லியமாக இருந்தே ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு இது சங்கடம். குத்துவதும் கவனிப்பும் சேர்ந்து ஏதோ செய்கிறது என்பதற்கு ஆதரவு. எப்படிப் பார்த்தாலும், கூர்மையான வலியைச் சகித்தால் கூடுதல் பலன் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஆகவே வாரம் இரண்டு தடவை என்று ஆறு தடவை பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே அளவுகோலை வையுங்கள்: திண்ணையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, கடைத்தெரு போய் வர எத்தனை இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஆறாவது தடவைக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், ‘இன்னும் பத்து உட்காருங்கள்’ என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். தொடை முன்தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு இரண்டையும் இதோடு சேர்த்தே செய்யட்டும். சர்க்கரை மாத்திரையையோ பி.பி. மாத்திரையையோ நிறுத்தினால்தான் அக்குபங்சர் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால், அது எத்தனையாவது தடவையாக இருந்தாலும், அன்றோடு அங்கே போவதை விட்டுவிடுங்கள். முதல் நாள் சிகிச்சை முடிந்ததும் கொஞ்சம் சோர்வும் தூக்கமும் இருக்கும், குத்திய இடம் ஒரு நாள் நோகலாம். பைக்கின் பின்னால் உடனே ஏற்றிக்கொண்டு கிளம்பாமல் ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். சர்க்கரை போடாத டீ.